நடுவில் இருந்தவை எங்கே? பரிணாமத்துக்கு ஆதாரம் கேட்ட மாணவிக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். விலங்கியல் படிக்கும் ஒரு மாணவி எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

"பரிணாமத்தைப் பாடத்தில் படித்தேன், பரீட்சையும் எழுதிவிட்டேன். ஆனால் வீட்டில் மாமா கேட்கும் கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு விலங்கு இன்னொரு விலங்காக மாறியது என்றால் நடுவில் இருந்தவை எங்கே என்கிறார். உயிரினங்கள் ஒன்றுபோல இருப்பதற்கு, எல்லாவற்றையும் ஒரே கை படைத்தது என்பதே போதுமான காரணம் இல்லையா என்கிறார். யாராவது கண்ணால் பார்த்தார்களா என்கிறார். நீங்கள் நூறு ஆதாரம் அடுக்க வேண்டாம். அசைக்க முடியாதது என்று நினைக்கும் இரண்டு மூன்றை மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள்."

மாமா கேட்பது மூன்றும் நியாயமான கேள்விகள். "அறிவியல் சொல்லிவிட்டது, நம்புங்கள்" என்று அவருக்குப் பதில் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் அது அறிவியலே இல்லை.

ஆதாரம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கிடைத்ததையெல்லாம் அதற்குத் தோதாக விளக்குவது யாராலும் முடியும். "இந்தக் கருத்து சரியாக இருந்தால் இன்ன இடத்தில் இன்னது இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கருத்து தவறு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தேடப் போவது வேறு. அதிலும், ஒருவர் சொல்வதை மற்றவர் ஏற்காத இரண்டு துறைக்காரர்கள் தனித்தனி வழியில் தேடி ஒரே இடத்தில் வந்து நின்றால், அதற்கு மேல் எனக்கு வேண்டியதில்லை. அந்த வகையில் திமிங்கலத்தைப் பற்றிய ஆய்வுக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கடினம். அதனால் பாதி நேரத்தை அதற்கே கொடுக்கப் போகிறேன்.

திமிங்கலம் மீன் இல்லை என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி போடுகிறது, பால் கொடுக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டி நீந்தும். சுறாவும் அப்படித்தான். திமிங்கலமும் டால்பினும் வாலை மேலும் கீழுமாக அடித்து நீந்துகின்றன. நாலுகால் பாலூட்டிகள் பாய்ந்து ஓடும்போது முதுகெலும்பு வளைந்து நிமிரும் அதே அசைவு அது. ஆக, திமிங்கலத்தின் முன்னோர் தரையில் நடந்த ஒரு பாலூட்டியாக இருந்திருக்க வேண்டும். பரிணாமம் சரி என்றால் இதிலிருந்து தப்பிக்க வழியே இல்லை. காலுள்ள திமிங்கலம் ஒரு காலத்தில் இருந்தே ஆக வேண்டும்.

1859 இல் டார்வின் தன் புத்தகத்தில் இதைத் தொட்டார். வட அமெரிக்காவில் ஒரு கறுப்புக் கரடி வாயை அகலத் திறந்தபடி மணிக்கணக்கில் நீந்தி, தண்ணீரில் இருந்த பூச்சிகளைப் பிடித்தது என்று ஒரு பயணி எழுதியிருந்த குறிப்பை எடுத்துக்காட்டி, அப்படிப்பட்ட விலங்கிலிருந்து திமிங்கலம் போன்ற ஒன்று உருவாவதில் தனக்குச் சிரமம் தெரியவில்லை என்றார். கடுமையான கேலிக்கு ஆளானார். அடுத்த பதிப்புகளில் அந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டார். கரடி என்று அவர் காட்டிய உதாரணமும் சரியில்லை. காலுள்ள திமிங்கலத்தின் எலும்பு ஒன்றுகூட அன்றைக்கு யார் கையிலும் இல்லை. மாமா தன் கேள்வியை அன்று கேட்டிருந்தால் டார்வினிடம் பதில் இருந்திருக்காது.

அதன் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1966 இல் லீ வான் வேலன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பற்களை ஒப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். மீசோனிக்கிட் என்று ஒரு விலங்குக் கூட்டம் இருந்தது, இப்போது இல்லை. இறைச்சி தின்னும் விலங்கு, ஆனால் காலில் குளம்பு. அதன் பற்களும் மிகப் பழைய திமிங்கலங்களின் பற்களும் நன்றாக ஒத்துப்போயின. எனவே திமிங்கலம் அந்த வழியில் வந்தது என்றார். எலும்பு ஆராய்பவர்களில் பெரும்பாலோர் இதை ஏற்றுக்கொண்டார்கள்.

எலும்பைத் தொடாமல் ரத்தத்தையும் மரபணுவையும் பார்த்தவர்கள் வேறு கதை சொன்னார்கள். 1950 இலேயே ரத்தப் புரதங்களை ஒப்பிட்ட ஒரு சோதனை, திமிங்கலம் இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கு நெருக்கம் என்று காட்டியது. மாடு, ஆடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை எல்லாம் அந்த வகை. 1990களில் டி.என்.ஏ.வைப் படிக்கும் வசதி வந்த பிறகு இது இன்னும் உறுதியானது. 1997 இல் ஜப்பானில் நோரிஹிரோ ஒகாடாவின் குழு செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. டி.என்.ஏ.வில் சில சிறு துண்டுகள் தம்மைத் தாமே படியெடுத்து வேறோர் இடத்தில் செருகிக்கொள்ளும். கோடிக்கணக்கான எழுத்துகளுக்கு நடுவே எங்கே போய் செருகும் என்பது பெரும்பாலும் தற்செயல். ஒருமுறை செருகிவிட்டால் பரம்பரை பரம்பரையாக அங்கேயே இருக்கும். இந்தக் குழு தேடிப் பார்த்தபோது, திமிங்கலத்தில் ஒரு துண்டு இருக்கும் அதே இடத்தில் மாட்டிலும் நீர்யானையிலும் அதே துண்டு இருந்தது. ஒட்டகத்தில் அந்த இடம் காலி. 1999 இல் மேலும் தேடியதில், இன்று உயிரோடு இருப்பவற்றில் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை என்று தெரிந்தது.

எலும்புக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் தரப்பில் நியாயம் இருந்தது. பற்களின் சாட்சியத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இப்படி இரண்டு தரப்பும் சில வருஷம் முட்டிக்கொண்டு நின்றன.

இங்கேதான் ஒரு சின்ன எலும்பு வருகிறது. இதை நீங்களே பார்க்க முடியும். ஆட்டுக்கறிக் கடையில், பின்னங்காலின் கணு மூட்டை வெட்டாமல் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். வேகவைத்து சதையை எடுத்துவிட்டால் மூட்டுக்குள்ளே விரல் கணு அளவில் ஒரு கட்டையான எலும்பு கிடைக்கும். அதன் மேல் முனை உருளையாக, நடுவில் பள்ளம் விழுந்து இருக்கும். திருப்பிப் பாருங்கள், கீழ் முனையும் அதே மாதிரி உருளை, நடுவில் பள்ளம். இரட்டைக் கப்பி எலும்பு என்பார்கள். நம் காலில் இதே எலும்பு உண்டு, ஆனால் கீழ் முனை அப்படி இருக்காது. நாய்க்கு இல்லை, குதிரைக்கு இல்லை, யானைக்கு இல்லை. மீசோனிக்கிட்டுக்கும் இல்லை. இரண்டு முனையிலும் கப்பி உள்ளது இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கு மட்டும்தான்.

ஆகவே கேள்வி மிகத் தெளிவாகிவிட்டது. காலுள்ள பழைய திமிங்கலத்தின் கணுக்கால் கிடைத்தால் போதும். ஒற்றைக் கப்பி என்றால் எலும்புக்காரர்கள் சொன்னது சரி. இரட்டைக் கப்பி என்றால் மரபணுக்காரர்கள் சொன்னது சரி. எப்படியும் ஒரு தரப்பு தோற்கும்.

அதற்குள் பாகிஸ்தானில் தேடல் நடந்துகொண்டிருந்தது. 1981 இல் பிலிப் கிங்கரிச் என்ற அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் பாகிசீட்டஸ் என்ற விலங்கை அறிவித்திருந்தார். சுமார் 5 கோடி ஆண்டு பழையது. முதலில் மண்டையோட்டுப் பகுதிதான் கிடைத்தது. ஆனால் காது எலும்பு திமிங்கலத்துக்கே உரிய வகையில் ஒரு பக்கம் மட்டும் தடித்துப் போயிருந்தது. 1994 இல் ஹான்ஸ் தெவிசனின் குழு ஆம்புலோசீட்டஸை அறிவித்தது. ஏறக்குறைய 3 மீட்டர் நீளம், நாலு கால், பெரிய பாதங்கள். தரையிலும் நடக்கும், தண்ணீரிலும் நீந்தும். நடுவில் இருந்தவை எங்கே என்று கேட்பவர்களுக்கு இதைவிட நடுவில் இருக்கும் ஒன்றை என்னால் காட்ட முடியாது.

2001 செப்டம்பரில், ஒரே வாரத்தில், இரண்டு குழுக்களும் கணுக்கால் எலும்போடு வந்தன. கிங்கரிச் குழு பலூசிஸ்தானில் கண்டெடுத்த 4.7 கோடி ஆண்டு பழைய திமிங்கலங்கள் ஒரு பக்கம், தெவிசன் குழு கண்டெடுத்த பாகிசீட்டஸ் வகையின் உடல் எலும்புகள் இன்னொரு பக்கம். இரண்டிலும் இரட்டைக் கப்பி. கிங்கரிச் அதுவரை மீசோனிக்கிட் கருத்தை ஆதரித்து வந்தவர். எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்ததும் கருத்தை மாற்றிக்கொண்டார். பற்களின் ஒற்றுமை, ஒரே மாதிரி உணவு தின்றதால் தனித்தனியாக வந்தது என்று புரிந்தது.

இதில் எது முக்கியம் என்று பாருங்கள். ஜப்பானில் சோதனைக்கூடத்தில் உயிரோடிருக்கும் விலங்குகளின் டி.என்.ஏ.வைப் படித்தவர்களுக்கும், பலூசிஸ்தானின் பொட்டல் மலைகளில் பாறையைத் தட்டியவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. கணுக்கால் எப்படி இருக்கும் என்பதை அது கிடைப்பதற்கு முன்பே மரபணு சொல்லிவிட்டது. அது தற்செயலாக நடக்கும் காரியம் இல்லை.

இன்னொரு சம்பவம் நம் நாட்டில் நடந்தது. அதையும் சொல்லாமல் போக மனமில்லை. ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் பழைய பாறைகளைச் சேகரித்தார். அவற்றில் இருந்த ஒரு சிறு விலங்குக்கு 1971 இல் இந்தோஹியஸ் என்று பெயர் வைத்தார். அவர் சேகரித்த பாறைகளில் பல உடைக்கப்படாமலேயே இருந்தன. அவர் காலமான பிறகு அவர் மனைவி அந்தப் பாறைகளைத் தெவிசனிடம் ஒப்படைத்தார். அவற்றைச் சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோடு தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தில் காது எலும்பு தெரிந்தது. திமிங்கலக் காதுக்கே உரிய அதே தடிப்பு. விலங்கோ சின்ன மான் அளவுதான். கால்களில் குளம்பு, கணுக்காலில் இரட்டைக் கப்பி. கால் எலும்புகள் நீர்யானைக்கு இருப்பது போலக் கனமாக இருந்தன, தண்ணீருக்குள் மிதக்காமல் நடக்க உதவும் கனம். 2007 டிசம்பரில் இந்த ஆய்வு வெளியானது, சுனில் பாஜ்பாய் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்களும் அதில் பங்காளிகள். நம் காடுகளில் சருகுமான் இருக்கிறதே, அதன் உறவான ஒரு சிறு விலங்கு ஆப்பிரிக்காவில் இன்றும் ஆபத்து வந்தால் ஓடைக்குள் முங்கி ஒளிந்துகொள்கிறது. இந்தோஹியஸும் அப்படி வாழ்ந்திருக்கும் என்று கருதுகிறார்கள். கட்ச் பகுதியிலும் அசோக் சாஹ்னி போன்றவர்கள் 1970களிலிருந்தே பழைய திமிங்கல எலும்புகளை எடுத்திருக்கிறார்கள். திமிங்கலம் கடலுக்குப் போன கதையின் முதல் அத்தியாயங்கள் இந்தத் துணைக்கண்டத்துப் பாறைகளில்தான் இருக்கின்றன. நம் பாடப்புத்தகங்களில் இதற்கு நாலு பக்கமாவது கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம் எகிப்து. பாலைவனத்தில் வாதி அல் ஹிதான் என்ற இடம், திமிங்கலப் பள்ளத்தாக்கு. இப்போது உலகப் பாரம்பரியக் களம். அங்கே பாசிலோசாரஸ் என்ற திமிங்கலத்தின் எலும்புக்கூடுகள் மணலில் கிடக்கின்றன. சுமார் 4 கோடி ஆண்டு பழையது, 15 மீட்டருக்கும் மேல் நீளம், முழுக்க முழுக்கக் கடல்வாசி. 1989 இல் கிங்கரிச் குழு அதன் பின்னங்கால்களைக் கண்டுபிடித்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு மிகச் சிறிய கால்கள், ஆனால் முழங்கால் இருக்கிறது, கணுக்கால் இருக்கிறது, விரல்கள்கூட இருக்கின்றன. அந்தக் காலை வைத்துக்கொண்டு அது நடந்திருக்கவே முடியாது.

சரி, இவை கிடைத்த வரிசையைப் பாருங்கள். கால் பெரிதாக இருப்பவை பழைய பாறையில், கால் சுருங்கியவை அதற்கு மேலே உள்ள புதிய பாறையில். மூக்குத் துளை பாகிசீட்டஸில் முகத்தின் நுனியில் இருக்கிறது, பிறகு வந்தவற்றில் கொஞ்சம் பின்னே தள்ளியிருக்கிறது, இன்றைய திமிங்கலத்தில் தலை உச்சியில். பல் எனாமலில் உள்ள ஆக்சிஜன் வகைகளை அளந்தால் அந்த விலங்கு நன்னீர் குடித்ததா கடல்நீரில் வாழ்ந்ததா என்று தெரியும். பாகிசீட்டஸ் நன்னீர், பின்னால் வந்தவை கடல்நீர். எலும்பின் வடிவத்தைப் பார்க்காத ஒரு வேதியியல் அளவீடும் அதே வரிசையைத்தான் சொல்கிறது.

இந்த வரிசை எளிதில் உடைந்திருக்கலாம். அரியலூர், பெரம்பலூர் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளிலும் அம்மோனைட், சிப்பி, சுறாப் பல் எல்லாம் கிடைக்கும். டைனோசர் காலத்தில் அது கடல். 10 கோடி ஆண்டுக்கும் முன்பிருந்து 6.6 கோடி ஆண்டு வரையிலான பாறைகள். ஆங்கிலேயர் காலத்திலிருந்து இன்று வரை அங்கே தேடுகிறார்கள். கடல் உயிர்கள் ஏராளம், திமிங்கலம் ஒன்றுகூட இல்லை. உலகத்தில் டைனோசர் காலத்துக் கடல் பாறை எதிலும் இல்லை. அந்தப் பாறையில் ஒரே ஒரு திமிங்கல எலும்பு, உண்மையாக, இடம் மாறாமல் கிடைத்துவிட்டால் நான் இப்போது சொன்ன கதை முழுக்கச் சரிந்துவிடும். அறிவியல் கருத்து என்றால் இப்படித் தன் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இன்னும் சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டால்பின் கருவில் முதல் வாரங்களில் பின்னங்கால் மொட்டுகள் முளைக்கின்றன, பிறகு வளர்ச்சி நின்று மறைந்துவிடுகின்றன. 2006 இல் ஜப்பானில் பிடிபட்ட ஒரு டால்பினுக்கு, பின்னங்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜோடிக் கூடுதல் துடுப்புகள் இருந்தன. இடுப்பெலும்பு பற்றி ஒரு எச்சரிக்கை: இன்றைய திமிங்கலத்தின் உடலுக்குள் இருக்கும் சிறிய இடுப்பெலும்பை "பயனற்றது" என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. இனப்பெருக்க உறுப்பின் தசைகள் அதில்தான் பிடித்திருக்கின்றன. வேலை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மாமாவிடம் பேசும்போது பயனற்றது என்று சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒற்றுமைக்குக் காரணம் ஒரே கை படைத்ததாக ஏன் இருக்கக் கூடாது? கடவுள் நம்பிக்கையைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்லவில்லை, பரிணாமத்தை ஏற்றுக்கொண்ட பக்தர்கள் ஏராளம். ஒற்றுமை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பார்ப்போம். நன்றாக வேலை செய்யும் உறுப்பு இரண்டு விலங்குகளில் ஒன்றுபோல இருந்தால், ஒரே யோசனையை இரண்டு முறை பயன்படுத்தியதாகச் சொல்லலாம். வாதத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெட்டுப்போன ஒன்று, அதே இடத்தில், அதே மாதிரி கெட்டுப்போயிருந்தால்?

உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒரே நூலின் பல ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டார்கள். ஒரு சுவடியில் ஏடெழுதியவர் ஒரு அடியை விட்டுவிட்டார், இன்னொரு சுவடியிலும் அதே அடி, அதே இடத்தில் விடுபட்டிருக்கிறது என்றால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது அல்லது இரண்டுக்கும் மூலம் ஒன்று என்று முடிவு செய்யலாம். சரியான பாடம் ஒத்துப்போவதில் ஒன்றும் தெரியாது. பிழை ஒத்துப்போனால்தான் வம்சாவளி தெரியும்.

மரபணுவில் அப்படி ஒரு பிழை நம் எல்லோரிடமும் இருக்கிறது. ஆடு வைட்டமின் சி தேடி எலுமிச்சை தின்ன வேண்டியதில்லை, அதன் கல்லீரலே தயாரித்துக்கொள்ளும். நாய், பூனை, மாடு எல்லாம் அப்படித்தான். நமக்கு முடியாது. அதனால்தான் பழைய கப்பல் பயணங்களில் காய்கறி இல்லாமல் மாலுமிகள் ஈறு அழுகி ஸ்கர்வி நோயில் செத்தார்கள். தயாரிப்பின் கடைசிப் படிக்கு வேண்டிய மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை. எட்டாவது குரோமோசோமில் இருக்கிறது, பல பகுதிகள் உதிர்ந்து, வேலை செய்யாத நிலையில். சிம்பன்சியிடமும் ஒராங்குட்டானிடமும் மற்ற குரங்குகளிடமும் அதே மரபணு கெட்டுக் கிடக்கிறது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஓர் எழுத்து விடுபட்டிருப்பது நம்மிடமும் அவற்றிடமும் பொது. கினிப் பன்றிக்கும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது, ஆனால் அதில் மரபணு கெட்டிருக்கும் விதம் வேறு. அது தனியாகக் கெட்டது. நம்முடையது ஒரு பொது மூதாதையிடம் கெட்டு, அங்கிருந்து எல்லோருக்கும் வந்தது.

திமிங்கலத்திலும் இதே மாதிரி உண்டு. நீலத் திமிங்கலம் போன்றவற்றுக்குப் பல் கிடையாது, வடிகட்டித் தின்பவை. ஆனால் பல் எனாமல் செய்யும் மரபணுக்கள் அவற்றின் உடலில் கெட்டுப்போன நிலையில் இருக்கின்றன. கருவில் பல் மொட்டுகள் தோன்றி மறைகின்றன. பல்லே இல்லாத விலங்குக்குப் பல்லுக்கான மரபணு எதற்கு? பல்லிருந்த முன்னோரிடமிருந்து வந்தது என்பதைத் தவிர வேறு நேர்மையான பதில் எனக்குத் தெரியவில்லை.

மனிதனைப் பற்றி இன்னொன்று. நமக்கு 23 ஜோடி குரோமோசோம். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி. நாம் உறவினர்கள் என்றால் அந்த ஒரு ஜோடி எங்கே போனது? முழு குரோமோசோம் ஜோடி ஒன்று தொலைந்துபோனால் உயிர் பிழைக்காது. ஆகவே நம் வம்சத்தில் இரண்டு ஜோடிகள் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தடயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு குரோமோசோமின் நுனியிலும் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி என்ற ஆறு எழுத்து திரும்பத் திரும்ப வரும். அது நுனிக்கு உரிய அடையாளம். இரண்டு குரோமோசோம் நுனியோடு நுனி ஒட்டினால் அந்த எழுத்துகள் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும், அதுவும் ஒரு பாதி நேராக, மறுபாதி தலைகீழாக. 1991 இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் இரண்டாவது குரோமோசோமின் நடுப்பகுதியில் அப்படியே கண்டார்கள். ஒருபுறம் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி, தொடர்ந்து அதன் எதிர்ப்படியான சி.சி.சி.டி.ஏ.ஏ. செல் பிரியும்போது இழுபடும் மையப்புள்ளி ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒன்று இருக்கும். இதில் வேலை செய்யும் மையம் ஒன்று, செயலிழந்த இன்னொரு மையத்தின் எச்சம் ஒன்று. சிம்பன்சியின் இரண்டு குரோமோசோம்களை வரிசையாக வைத்தால் நம்முடைய இரண்டாவதோடு பொருந்துகிறது. இங்கே ஒரு தெளிவு: சிம்பன்சியிலிருந்து நாம் வரவில்லை. இருவரும் ஒரு பொது முன்னோரிடமிருந்து பிரிந்தவர்கள், ஒட்டியது நம் பக்கத்தில், பிரிந்த பிறகு. அதனால் "குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது" என்ற கேள்வி எழவே எழாது. அவர்கள் தங்கள் வழியில் வந்தார்கள், நாம் நம் வழியில்.

கடைசியாக, யாராவது கண்ணால் பார்த்தார்களா? பார்த்திருக்கிறார்கள். 1988 பிப்ரவரியில் ரிச்சர்ட் லென்ஸ்கி அமெரிக்காவில் ஒரே ஈ.கோலை பாக்டீரியாவின் சந்ததியை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். தினமும் கொஞ்சத்தை எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றுவது, 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரி எடுத்து உறைநிலையில் வைப்பது. உறைந்தவற்றைப் பிறகு உயிர்ப்பிக்கலாம். அதாவது கொள்ளுத் தாத்தாவையும் பேரனையும் ஒரே குடுவையில் போட்டியிடவைக்கலாம். கரைசலில் குளுகோஸ் கொஞ்சம், சிட்ரேட் நிறைய. ஆக்சிஜன் இருக்கும்போது ஈ.கோலையால் சிட்ரேட்டைத் தின்ன முடியாது. அது ஈ.கோலைதானா என்று அடையாளம் காணவே அந்தப் பண்பைப் பயன்படுத்துவார்கள். சுமார் 31,500 தலைமுறையில் ஒரே ஒரு குடுவையில் ஒரு மாற்றம் தோன்றியது, 33,000 தலைமுறை வாக்கில் அந்தக் குடுவை கலங்கலாகிவிட்டது. பாக்டீரியா பெருகியிருந்தது. வேறு கிருமி கலந்துவிட்டதா என்று முதலில் சோதித்தார்கள். இல்லை, அதே வம்சம், சிட்ரேட் தின்னக் கற்றுக்கொண்டிருந்தது. லென்ஸ்கியின் குழுவைச் சேர்ந்த சக்கரி பிளவுண்ட் உறைநிலையில் இருந்த முன்னோர்களை எடுத்து மறுபடி மறுபடி வளர்த்துப் பார்த்தார். பழைய தலைமுறைகளிடம் அந்தத் திறன் வரவே இல்லை. 20,000 தலைமுறைக்குப் பிந்தியவற்றிடம் மட்டும் சில முறை வந்தது. அதற்கு முன்பே வழி திறந்துவைத்த ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. பிறகு ஒரு மரபணு இரட்டித்து, ஆக்சிஜன் இருக்கும்போதும் இயங்கும் இடத்தில் போய் அமர்ந்ததுதான் காரணம் என்பதை எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்னார்கள்.

"அது இன்னும் பாக்டீரியாதானே" என்று மாமா சொல்லக்கூடும். உண்மை, பாக்டீரியாதான். வேறு எதுவாகவும் ஆகும் என்று பரிணாமம் சொல்லவும் இல்லை. 31,500 தலைமுறை என்பதை மனிதக் கணக்கில் வைத்தால் ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டு. இந்தோஹியஸ் போன்ற குளம்புக்காலிகளிலிருந்து பாசிலோசாரஸ் வரை வருவதற்கு ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. புது மாற்றம் எப்படி வருகிறது, எப்படித் தங்குகிறது, எப்படிப் பரவுகிறது என்பதைக் குடுவையில் கண்ணால் பார்க்கலாம். அது நீண்ட காலத்தில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பாறையிலும் டி.என்.ஏ.விலும் படிக்கலாம்.

மாமா இதற்கும் மறுகேள்வி கேட்டால் எழுதி அனுப்புங்கள், அதையும் எடுத்துப் பேசலாம். ஆட்டின் கணுக்கால் எலும்பு கிடைத்தால் படம் எடுத்து அனுப்புங்கள், நாய் எலும்போடு பக்கத்தில் வைத்து அடுத்த பதிவில் காட்டுகிறேன்.